ஃப்ரீலான்ஸ் அனிமேட்டருடன் வேலை முடங்கினால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

அலுவலக வேலை போக எஞ்சும் மாலைகளில், குழந்தைகளுக்கான தமிழ்க் கதைகளை ஒன்றரை நிமிட அனிமேஷன் படங்களாக எடுக்கும் சிறு குழு எங்களுடையது. எங்களில் எவருக்கும் படத்தை அசைக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் வெளியிலிருந்து ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர்களை அமர்த்திக்கொள்கிறோம். படத்துக்குப் படம் ஆட்கள் மாறினாலும் பழுதுகள் மாறவில்லை. ஆகவே எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று எழுதிவைக்கத் தொடங்கினோம். அந்தக் குறிப்புகளே இவை. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. செலவில்லாத காரணம் பெரும்பாலும் நம் பக்கத்தில்தான் இருக்கும்.

## ஒப்புக்கொண்டவர் தொடங்காமலே நழுவுகிறார்

முதலில், நாம் அனுப்பிய அழைப்பையே எடுத்துப் படிக்க வேண்டும். படத்தின் நீளம், ஷாட்டுகளின் எண்ணிக்கை, வரையும் பாணி, கெடு, தொகை ஆகிய ஐந்தும் அதில் இல்லையென்றால், அனுபவமுள்ளவர் 'முடியாது' என்றுகூடச் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்.

அடுத்த காரணம், பணத்துக்குப் பதிலாக நாம் காட்டும் ஆசை. யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு தருவதாக எழுதுவதற்கு முன், நம் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நீள வீடியோக்களை நம்பியிருக்கும் சேனல் அந்த வரம்பைத் தொடும்வரை, இல்லாத வருவாயில் பாதியைத் தருவதும் முழுவதையும் தருவதும் ஒன்றுதான். பணமே தர இயலாதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, பத்து நொடி வேலையை மட்டும் கேட்பது நேர்மை.

இரண்டும் சரியாக இருந்தும் ஒருவர் நழுவினால் தொகை போதவில்லை என்று பொருள். அப்போது பேரம் பேசுவதைவிடப் படத்தைச் சுருக்குவது மேல். முழுப் படத்துக்கு ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பாக, மூன்று முதல் ஐந்து நொடி ஓடும் ஒரே ஒரு ஷாட்டை உரிய பணம் கொடுத்துச் செய்து வாங்கிப் பார்க்கிறோம். அவருடைய கை மட்டுமன்றி, அவர் எப்படிக் கேள்வி கேட்கிறார், நாம் எவ்வளவு நாளில் பதில் சொல்கிறோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

## முன்பணம் வாங்கியவரிடமிருந்து பதில் இல்லை

ஒரு வாரம் ஆகவில்லை என்றால்: நம் கடைசிச் செய்தி கேள்வியா, வெறும் தகவலா என்று பார்க்க வேண்டும். தகவலுக்குப் பதில் எழுதும் கடமை யாருக்கும் இல்லை. பிறகு, அவர் நம்மிடம் கேட்டது ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒருமுறை சில நாள் மௌனத்தைப் பொறுக்க மாட்டாமல் கடுமையான செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு, அதன் பிறகே, அவர் கேட்டிருந்த குரல் பதிவு என் மின்னஞ்சலின் வரைவுப் பெட்டியிலேயே கிடப்பதைக் கண்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கெடுவையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது வாரம் ஓடுகிறது என்றால்: கல்லூரித் தேர்வோ, பகலில் அவர் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் கெடு நெருக்கடியோ காரணமாக இருக்கலாம். விளக்கம் கேட்காமல், 'வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள், எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே கோப்பை அனுப்ப இயலுமா?' என்று ஒரே ஒரு கேள்வியை எழுத வேண்டும். வேலை முடியாத வெட்கத்தால் ஒளிந்திருப்பவருக்கு வெளியே வர அது ஒரு கதவு.

அதையும் தாண்டினால்: இதுவரை கையில் வந்தவற்றை எண்ணி, கொடுத்த பணத்துக்கு அவை ஈடாகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈடாகும் என்றால், இன்ன தேதிக்குப் பிறகு மீதி ஷாட்டுகளை வேறொருவரிடம் தருகிறோம் என்று கண்ணியமாக எழுதி, கணக்கை முடித்துக்கொள்வதே சிக்கனம். இந்த நிலை எப்போது வந்தாலும் தாங்கும்படி தவணைகளை முன்கூட்டியே அமைக்க வேண்டும். ஒவ்வொரு தவணையும், வாங்கியவர் மறுநாளே விலகினாலும் வேறொருவர் எடுத்துத் தொடரக்கூடிய ஒரு பொருளுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் அளவுகோல். படத்தை மூன்று நான்கு ஷாட் கொண்ட கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் தொடக்கத்தில் 20 விழுக்காடு, ரஃப் (அசைவைக் காட்டும் முதல் கரட்டு ஓவியங்கள்) ஒப்புதலானதும் 30, கிளீனப்பும் (கோடுகளைச் சுத்தமாக மறுபடி வரைவது) நிறமும் முடிந்ததும் 30, மூலக் கோப்பு (மென்பொருளில் திறந்து திருத்தக்கூடிய கோப்பு) கைக்கு வந்ததும் 20 என்று தருகிறோம். முழுப் படத்துக்கும் 'முதலில் பாதி, முடிவில் பாதி' என்று நாங்கள் பேசிய காலத்தில், இரண்டாம் பாதி மூன்று மாதத் தொலைவில் நின்றது. இடையில் மாதச் சம்பள வேலை கிடைத்தவருக்கு அதன் மேல் ஈர்ப்பு இல்லாமல் போனதைக் குறை சொல்ல முடியாது.

எண் இயங்கவில்லை, கணக்கே மறைந்துவிட்டது என்றால்: அவர் காட்டிய மாதிரிப் படங்களைப் படவழித் தேடலில் இட்டு, அவை வேறொருவருடையவையா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் இது தாமதமன்று, மோசடி. அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, பணம் அனுப்பியதன் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். முதலிலேயே தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. அவர் காட்டும் ஷாட்டுகளில் ஏதேனும் ஒன்றின் ரஃப் ஓவியங்களைக் கேட்டால், வரைந்தவர் தந்துவிடுவார். திருடியவரால் தர முடியாது.

## பதில் வருகிறது, ஷாட் வரவில்லை

அடிக்கடி வரும் பழுது இதுவே. இதில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு தேதிக் கணக்கு. அவர் ரஃப் அனுப்பிய நாள், நாம் கருத்துச் சொன்ன நாள் இரண்டையும் ஷாட் வாரியாக ஒரு அட்டவணையில் எழுதினால், தாமதத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது கோபமில்லாமல் தெரிந்துவிடும். எங்கள் இரண்டாவது படத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் விவாதத்திலேயே கரைந்திருந்தன. இப்போது 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லாவிட்டால் ரஃப் ஒப்புதலானதாகக் கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்.

நம் பக்கம் சரியாக இருந்தால், அடுத்து ஓவியக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படம்) என்றால் 90 நொடிப் படத்துக்கு 2,160 ஃப்ரேம்கள். ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் 1,080 ஓவியங்கள் வேண்டும். பகல் வேலைக்குப் பிறகு வரையும் ஒருவர், கிளீனப்பும் நிறமும் சேர்த்து ஒரு மாலையில் 12 ஓவியங்கள் முடித்தால், ஒரு நாள்கூட விடாமல் 90 நாள் ஆகும். அவர் 'ஒரு மாதத்தில் தருகிறேன்' என்று சொன்னது பொய்யன்று. இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. இங்கே மாற்ற வேண்டியது படத்தை, ஆளை அன்று. பேசும் ஷாட்டுகளில் உடலை அசையாமல் நிறுத்தி வாயையும் கண்ணையும் மட்டும் மாற்றலாம். நடையை ஒரு சுழற்சியாக வரைந்து பின்னணியை நகர்த்தலாம். பாத்திரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து பொம்மைபோல் அசைக்கும் கட்-அவுட் முறைக்குச் சில ஷாட்டுகளை மாற்றலாம். எந்த ஷாட்டுக்கு முழு ஓவியம் உண்மையிலேயே வேண்டும் என்பதை இயக்குபவர் தீர்மானிக்க வேண்டும். பாட்டி சிரிக்கும் அந்த ஒரு ஷாட்டுக்கு வேண்டும், பேருந்து வந்து நிற்பதற்கு வேண்டாம்.

கணக்கும் பொருந்தியிருக்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால், வேலை அவருடைய மதிப்பீட்டைவிடக் கடினமாக இருக்கிறது என்று கொள்ள வேண்டும். எந்த ஷாட்டில் தேங்குகிறது என்று கேட்டு, அதை மட்டும் விலக்கி மற்றவற்றைத் தொடரச் சொல்லலாம். கூட்டம், நீர், துணி பறப்பது, நான்கு கால் விலங்கின் ஓட்டம் ஆகியவை வழக்கமான தேக்கங்கள். எல்லா ஷாட்டுக்கும் ஒரே விலை என்பது இவற்றுக்குப் பொருந்தாது. தனி விலை பேசுவதே முறை.

மூன்று பேருக்கு மேல் அனிமேட்டர்கள் இருந்தும் படம் நகரவில்லை என்றால், அனிமேஷன் தயாரிப்பை நிர்வகித்த அனுபவமுள்ள ஒருவரை நான்கைந்து நாளுக்குக் கூலி கொடுத்து அழைக்க வேண்டிய இடம் அது. அவர் போட்டுத் தரும் ஷாட் அட்டவணை ஒன்றே அந்தக் கூலிக்குப் போதும்.

## வந்த ஷாட் நாம் கேட்டதுபோல் இல்லை

அனிமேட்டிக் பூட்டப்பட்டதா என்பதே முதல் கேள்வி. கதையை ஷாட் ஷாட்டாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டுப் படங்களைக் குரலோடு சேர்த்து ஓட்டும் முன்மாதிரியே அனிமேட்டிக்; அதில் ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி என்று பார்த்து, 'இனி இதில் மாற்றமில்லை' என்று அறிவித்த பிறகே அசைவு வேலை தொடங்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் குறை அனிமேட்டருடையது அன்று. இரண்டாவது, மாடல் ஷீட். முன், பக்கம், பின் என்று பாத்திரத்தைத் திருப்பிக் காட்டும் தாளும், பாத்திரங்களின் உயர ஒப்பீடும் இல்லாமல் இரண்டு பேர் வரைந்தால், கதையில் ஒரே பேத்தி இருந்தாலும் திரையில் இரண்டு பேத்திகள் வருவார்கள்.

மூன்றாவது, கருத்துச் சொல்பவர்களின் எண்ணிக்கை. நான்கு பேர் தனித்தனியே குரல் பதிவு அனுப்பினால் எந்தக் கலைஞரும் குழம்புவார். நாங்கள் ஒருவரை மட்டும் நியமித்து, ஷாட் எண், ஃப்ரேம் எண், என்ன மாற வேண்டும் என்று எழுத்தில் மட்டுமே தரச் சொல்கிறோம். அதோடு, ரஃப் நிலையில் அசைவையும் நேரத்தையும் பற்றி மட்டுமே பேச வேண்டும். நிறம் முடிந்த பிறகு 'கை இன்னும் மேலே போகட்டும்' என்பது அந்த ஷாட்டை மறுபடி வரையச் சொல்வதாகும்.

இதிலிருந்துதான் பணத் தகராறு முளைக்கிறது. ஒப்புக்கொண்ட அனிமேட்டிக்கிலிருந்தும் மாடல் ஷீட்டிலிருந்தும் விலகியதைச் சரிசெய்வது திருத்தம். அதற்குக் கூடுதல் பணம் இல்லை. அனிமேட்டிக்கையே நாம் மாற்றினால் அது மாற்றம். அதற்குப் பணம் உண்டு. நிலை ஒன்றுக்கு இரண்டு சுற்றுத் திருத்தம் என்றும் எழுதிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

## உதடும் குரலும் பொருந்தவில்லை

போகப் போக விலகல் கூடுகிறது என்றால் ஃப்ரேம் வேகம் மாறியிருக்கிறது. 25 ஃப்ரேம் கணக்கில் வரைந்த 90 நொடிப் படத்தில் 2,250 ஃப்ரேம்கள் இருக்கும்; அவற்றை 24 கணக்கில் ஓட்டினால் 93.75 நொடி வரும். கடைசி வசனத்தில் வாய் ஏறத்தாழ நான்கு நொடி பின்தங்கும். இருவரும் தத்தம் மென்பொருளில் அமைப்பைப் பார்த்தாலே போதும், செலவில்லை. விலகல் இறுதியில் இரண்டே ஃப்ரேம் என்றால், நொடிக்கு 24 ஃப்ரேமுக்கும், அதற்குச் சற்றே குறைவான 23.976 என்ற வேகத்துக்கும் உள்ள குழப்பமாக இருக்கும்.

தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே அளவு விலகல் என்றால் ஒலிக் கோப்பைப் பார்க்க வேண்டும். எம்பி3 ஆக மாற்றும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்வதுண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் இன்னும் மோசம். அனிமேட்டருக்கு எப்போதும் வேவ் கோப்பையே டிரைவ் வழியாகத் தர வேண்டும். ஏற்கெனவே வரைந்தாயிற்று என்றால் ஒலியை எடிட்டிங்கில் நகர்த்திக்கொள்ளலாம்.

இடத்துக்கு இடம் தவறுகிறது என்றால் வாய் வடிவங்களில் பிழை. தமிழ் தெரியாத அனிமேட்டரிடம் இது கட்டாயம் வரும். அவர்கள் கையில் இருக்கும் வாய் அட்டவணைகள் ஆங்கில ஒலிகளுக்கானவை. நாங்கள் செய்வது இது. வசனத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ப, ம வரும் இடங்களில் உதடு மூட வேண்டும் என்றும், வ வரும் இடத்தில் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும் என்றும், உ, ஊ, ஒ, ஓ ஆகியவற்றில் உதடு குவிய வேண்டும் என்றும் ஃப்ரேம் எண்ணோடு குறித்துத் தருகிறோம். பள்ளியில் மனப்பாடம் செய்த மாத்திரைக் கணக்கு இங்கே எதிர்பாராமல் கைகொடுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று வைத்து, திறந்த வாயை நெடிலில் இரு மடங்கு நேரம் நிறுத்தச் சொன்னதும், 'அம்மா' என்பதும் 'ஆமாம்' என்பதும் பார்வைக்கே வேறு வேறாயின. 'அம்மா'வில் உதடு மூடியிருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் அந்தச் சொல்லே கெட்டுவிடும். அதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா எழுத்தையும் காட்ட முயன்றால் வாய் துடிப்பதுபோல் தெரியும். மூடும் உதடும் குவியும் உதடும் சரியாக அமைந்தால், நடுவில் உள்ளவற்றைக் கண் மன்னித்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொருந்தவில்லையென்றால், ஒலி எடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேர வேலையாகக் கொடுத்து வசனத்தை நகர்த்தி வாங்குவது, மறுபடி வரைவதைவிட மலிவு.

## இறுதிக் கோப்பு திறக்கவில்லை

மென்பொருள் பதிப்பு, காணாமற்போன எழுத்துரு, இணைக்கப்பட்ட படங்கள் வராதது என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பிளெண்டரில் படங்களைக் கோப்புக்குள்ளேயே கட்டும் வசதியும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எல்லாவற்றையும் ஒரே உறையில் திரட்டும் வசதியும் உண்டு. அனுப்புவதற்கு முன் அவற்றைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். எங்களிடம் இல்லாத கட்டண மென்பொருளில் செய்தவரிடம், ஒவ்வொரு ஷாட்டையும் பின்னணி நீங்கிய பிஎன்ஜி வரிசையாகவும் (ஃப்ரேமுக்கு ஒரு படக் கோப்பு) கேட்டு வாங்குகிறோம். அது எங்கும் திறக்கும்.

'மூலக் கோப்பு தர மாட்டேன்' என்று அவர் சொன்னால் அது கோப்புப் பழுதன்று, ஒப்பந்தப் பழுது. முன்பே பேசாமல் விட்டிருந்தால், அதற்குத் தனித் தொகை கேட்க அவருக்கு நியாயம் உண்டு.

## பணம் நடுவில் நிற்கிறது, அல்லது தொகையில் தகராறு

யுபிஐயில் அனுப்பியது அவருக்கு வரவில்லை என்றால் முதலில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைப் பகிர வேண்டும். திரைப்பிடிப்புப் படம் ஆதாரமாகாது. பேபால் வழியாக அனுப்பலாம் என்று உள்நாட்டில் யாரேனும் சொன்னால், இந்தியாவுக்குள்ளான அந்தச் சேவை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதை நினைவில் கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் இங்குள்ள அனிமேட்டருக்கு அனுப்புகிறார் என்றால், நாணய மாற்றுச் செலவு யாருடையது என்பதே வழக்கமான தகராறு. 'கைக்கு வரும் தொகை இத்தனை ரூபாய்' என்று எழுதிவிட்டால் அது எழாது.

பில்லில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும். அது எண்ணும் எழுத்துமாக 15 இடங்கள் கொண்டது; தமிழ்நாட்டில் பதிவானால் 33 என்று தொடங்கும். பொதுவாக ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குக் கீழுள்ள சேவையாளர் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவில்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் கூடாது. வெளிநாட்டவருக்கு நாம் பணம் அனுப்ப நேர்ந்தாலோ, குழுவை நிறுவனமாகப் பதிவு செய்திருந்தாலோ வரிப் பிடித்தம் பற்றி ஊகிக்காமல் ஆடிட்டரிடம் போய்விட வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையே தராதவர் மீது, வணிக நோக்கத்துக்காக அல்லாமல் சொந்த விருப்பத்துக்காக அமர்த்தியவர் என்ற முறையில் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வழி உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரையென்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாய்க்கு அதுவரை போவதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும், நான் போனதில்லை.

## படம் வெளியான பிறகு உரிமை கேட்டுச் செய்தி வருகிறது

முதலில் டைட்டிலைப் பார்க்க வேண்டும். பெயர் விடுபட்டதோ எழுத்துப் பிழையோதான் பல நேரங்களில் காரணம். விவரக் குறிப்பில் அன்றே திருத்திவிடலாம். உரிமையை எழுதித் தந்த பிறகும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி நீடிக்கிறது.

பெயர் சரியாக இருந்தால் ஒப்பந்தத்தை எடுக்க வேண்டும். பணம் கொடுத்துச் செய்வித்த திரைப்படத்தின் முதல் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது செய்வித்தவருக்கே என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னாலும், பாத்திர வடிவமைப்பும் ஸ்டோரிபோர்டு ஓவியங்களும் அவ்வாறே தாமாக வந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. வாட்ஸ்அப்பில் வந்த 'சரி சார்' அதற்குப் போதாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அந்தப் பிரிவு கொள்கிறது. யூடியூபில் ஏற்றும் படத்துக்கு இரண்டுமே போதா. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவகையில் எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகும் என்பது எங்களைப் போல் ஆண்டுக்கணக்கில் படத்தை இழுப்பவர்களுக்கான வரி. ஆகவே எந்த ஓவியங்கள், என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், உலகம் முழுவதுமா, எவ்வளவு தொகைக்கு, ஓராண்டு விதி பொருந்துமா என்ற ஆறையும் ஒரே தாளில் எழுதி, கடைசித் தவணைக்கு முன் கையொப்பம் வாங்க வேண்டும். அந்த ஷாட்டைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு என்ற வரியையும் சேர்த்தால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு கையொப்பமிடுவார்கள்.

கையொப்பமிட்டவரின் வயதையும் பார்க்க வேண்டும். நன்றாக வரையும் பலர் இன்னும் பள்ளி மாணவர்கள். 18 நிரம்பாதவரோடு செய்த ஒப்பந்தம் இந்தியாவில் செல்லாது என்பது 1903-இல், அன்று இந்தியாவுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த நாள் முதல் நிலைத்திருக்கிறது. அவர்களை அமர்த்துவதாக இருந்தால் பெற்றோரிடம் நேரில் பேசி, வழக்கறிஞரிடம் தாளை எழுதி வாங்க வேண்டும்.

யூடியூப் வழியாகவே பதிப்புரிமைப் புகார் வந்து படம் நீக்கப்பட்டால், அது தனி நிலை. நம்மிடம் எழுத்துச் சான்று இல்லையென்றால் அனிமேட்டரோடு பேசி, உரிய தொகை கொடுத்து, புகாரைத் திரும்பப் பெறச் செய்வதே மலிவான தீர்வு. சான்று இருந்தால், நீக்கியது தவறு என்று யூடியூபுக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம்; புகார் தந்தவர் 10 வேலை நாள்களுக்குள் சட்ட நடவடிக்கை தொடங்கியதற்குச் சான்று காட்டாவிட்டால் படம் மீண்டும் ஏறும். ஆனால் அது சட்டப்படியான ஆவணம் என்பதால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒப்பந்தத்தையும், பணம் அனுப்பிய பதிவுகளையும், ரஃப் முதலான கோப்புகளை தேதி வாரியாக அடுக்கிய உறையையும் வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.